நிறுவனத்துக்குள் வரும் அறிவும் வெளியே போகும் அறிவும்: தடம் பிடித்துச் சீர்செய்ய முழுமையான வழிகாட்டி

"அவர் வேலையை விட்டுப் போனதிலிருந்து இந்தப் பிரிவே தடுமாறுகிறது." "நாலு பேரை வெளியே பயிற்சிக்கு அனுப்பினோம், திரும்பி வந்த பிறகும் ஒன்றும் மாறவில்லை." இந்த இரண்டு புலம்பலும் ஒரே நிறுவனத்தில் ஒரே வாரத்தில் காதில் விழும். முதலாவதில் அறிவு வெளியே போயிருக்கிறது. இரண்டாவதில் உள்ளே வந்தது தங்கவில்லை. இரண்டையும் கண்டுபிடிப்பது, செயல்திறனை அவை எவ்வளவு பாதிக்கின்றன என்று அளப்பது, எந்த வரிசையில் சரிசெய்வது என்பதைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். ஒரு பிரிவுக்கு இதைச் செய்து முடிக்க ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். ஒரு மென்பொருளை வாங்கி, "உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் இதில் ஏற்றுங்கள்" என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறார்கள். சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் விடுமுறைப் பட்டியலும் பழைய பிரசன்டேஷன்களும்தான் கிடக்கும். மென்பொருளே கூடாது என்று சொல்லவில்லை. அதற்கான இடம் ஐந்தாவது படியில் வருகிறது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு பிரிவு போதும். முழு நிறுவனத்தையும் ஒரே மூச்சில் எடுத்தால் படம் வரைவதிலேயே ஆண்டு ஓடிவிடும்.

அந்தப் பிரிவின் கடந்த 6 மாதப் பதிவுகளைப் பார்க்க அனுமதி வாங்குங்கள்: பழுதுப் பதிவேடு, வாடிக்கையாளர் புகார்கள், திரும்பச் செய்த வேலைகள், எதுவானாலும் சரி. கூடவே ஆறு முதல் எட்டு பேரிடம் ஆளுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். மேலாளர்கள் மட்டும் போதாது, கையால் வேலை செய்பவர்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வாக்குறுதி. இதில் சொல்லப்படும் எதுவும் யாருடைய ஆண்டு மதிப்பீட்டுக்கும் போகாது என்று பிரிவின் தலைவரே நேரில் சொல்ல வேண்டும். "எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்" என்பது பலருக்கு வேலைப் பாதுகாப்பு. அந்தப் பயம் போகாமல் கேட்டால், கையேட்டில் இருப்பதைத்தான் திருப்பிச் சொல்வார்கள்.

## 1. ஒரே ஒரு விளைவைத் தேர்ந்தெடுங்கள்

அறிவை நேரடியாக அளக்க முடியாது. அது தொட்டுவிட்டுப் போகிற இடத்தைத்தான் அளக்க முடியும். அதனால் முதலில் ஓர் எண்: ஒரே பழுது எத்தனை முறை திரும்ப வருகிறது, புதிதாகச் சேர்ந்தவர் துணையில்லாமல் வேலை செய்ய எத்தனை வாரம் ஆகிறது, புகார் வந்து தீர்வதற்கு எத்தனை நாள் ஆகிறது. இவற்றில் ஒன்று.

லாபத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அறிவுக்கும் லாபத்துக்கும் நடுவில் விலை, சந்தை, கடன் என்று ஆயிரம் இருக்கின்றன. எண் ஏறினாலும் இறங்கினாலும் காரணம் புரியாது. "உற்பத்தித் திறன்" என்று பொதுவாக எழுதுவதும் அதே தவறுதான்.

தேர்ந்தெடுத்த எண்ணின் கடந்த 6 மாத நிலவரத்தை இப்போதே எழுதித் தேதி போட்டுவிடுங்கள். மாற்றங்களைச் செய்துவிட்டு அப்புறம் பழைய எண்ணைத் தேடினால், நமக்குச் சாதகமான மாதங்கள்தான் கண்ணில் படும்.

## 2. கடைசிப் பத்து சம்பவங்களைப் பின்னோக்கித் தொடருங்கள்

இந்த வேலையின் உயிர் இந்தப் படிதான். நேரம் குறைவு என்றால் மற்றவற்றைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள்.

"உங்கள் பிரிவில் அறிவு எப்படிப் பகிரப்படுகிறது?" என்று கேட்டால், "மீட்டிங் நடத்துகிறோம்" என்ற பதில்தான் வரும். பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில். அதனால் நடந்த சம்பவங்களை எடுங்கள்: நன்றாக முடிந்தவை ஐந்து, சொதப்பியவை ஐந்து. ஒவ்வொன்றிலும் முடிவு எடுத்தவரிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்: "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஓர் உதாரணம். ஒரு பேக்கிங் பிரிவில் ஒரு மெஷின் அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. பகல் ஷிஃப்ட்டில் மிகக் குறைவாக, இரவு ஷிஃப்ட்டில் அதைப்போலப் பல மடங்கு. பதிவேட்டில் எல்லா இடத்திலும் "ரீசெட் செய்யப்பட்டது" என்று ஒரே வரி. பகல் ஆபரேட்டரிடம் உட்கார்ந்து கேட்டபோது நடந்தது இது:

"ஈரப்பதம் அதிகமாக இருக்கிற நாளில் ஷிஃப்ட் தொடங்கும்போதே சென்சார் கண்ணாடியைத் துடைத்துவிடுவேன். அப்புறம் நிற்காது."

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மெஷினைப் பொருத்த வந்தாரே, சப்ளையரின் டெக்னீஷியன், அவர் கிளம்பும்போது சொன்னார்."

"வேறு யாருக்குத் தெரியும்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரும் கேட்கவில்லையே" என்றார்.

நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வந்த அறிவு, வாசலைத் தாண்டி, ஒரே ஒருவரிடம் வந்து நின்றுவிட்டது. பதிவேட்டைப் பார்த்தவர்கள் இரவு ஷிஃப்ட் ஆட்களின் அக்கறையின்மை என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வரிசை எழுதுங்கள்: என்ன தெரிந்திருந்தது, யாரிடமிருந்து வந்தது, எப்படி வந்தது, இப்போது எங்கே இருக்கிறது, யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும் ஆனால் தெரியவில்லை. கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் மற்ற நான்கும் வெறும் கதைதான்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, சொதப்பிய சம்பவங்களை மட்டும் எடுப்பது. அப்போது எல்லோரும் தற்காப்பில் இறங்கிவிடுவார்கள். நன்றாக முடிந்த வேலைகளைப் பற்றிக் கேட்கும்போதுதான் நெளிவு சுளிவுகள் வெளியே வரும்.

## 3. வாசல்களையும் வாசலில் நிற்பவர்களையும் குறியுங்கள்

பத்து வரிசைகளையும் பரப்பி வைத்துப் பார்த்தால் அறிவு நுழையும் வழிகள் தெரியும்: புதிய ஆட்கள், சப்ளையர்கள், வாடிக்கையாளர் புகார்கள், கல்லூரி ஆய்வகங்கள், போட்டியாளரின் பொருளைப் பிரித்துப் பார்த்தது. வெளியேறும் வழிகளையும் எழுதுங்கள்: விலகுபவர்கள், ஒப்பந்த ஊழியர்கள், விற்பனை டெமோ, கருத்தரங்கப் பேச்சு, ஏன், வேலை விளம்பரம்கூட. எந்தத் தொழில்நுட்பத்தில் இறங்கப் போகிறீர்கள் என்பதை ஆள் தேவை விளம்பரமே ஊருக்குச் சொல்லிவிடும்.

வழிகளைவிட ஆட்கள் முக்கியம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் ஆராய்ச்சிக் கூடங்களில் செய்த ஆய்வுகளில், வெளியுலகத் தகவல் பெரும்பாலும் ஒரு சிலர் வழியாகத்தான் உள்ளே வருகிறது என்று கண்டார். வெளியே நிறையப் படிப்பவர்கள், வெளியாட்களோடு பேசுபவர்கள் அவர்கள். உள்ளே மற்றவர்கள் தேடிவந்து சந்தேகம் கேட்பதும் அவர்களிடம்தான். அவர்கள் பதவியில் பெரியவர்களாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் பட்டியலில் ஒரே பெயர் மூன்று நான்கு முறை வந்தால் அவர்தான். அவரை நிர்வாகப் பதவிக்கு உயர்த்தி மீட்டிங்குகளில் உட்கார வைத்துவிடாதீர்கள். மரியாதை செய்வதாக நினைத்து வாசலை அடைக்கும் வேலை அது.

இருக்கைகளுக்கு நடுவில் உள்ள தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தூரம் கூடக் கூட இருவர் பேசிக்கொள்ளும் வாய்ப்பு வேகமாகச் சரிகிறது என்பதும் ஆலன் கண்டதுதான்.

## 4. வாசலை அகலமாக்கும் முன், வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்

வரிசை முக்கியமாகும் இடம் இது. பெரும்பாலானவர்கள் ஆலோசகரை அழைப்பது, கூட்டு ஒப்பந்தம் போடுவது என்று நேராக வெளியே ஓடிவிடுவார்கள். 1990-இல் கோஹன், லெவின்தால் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான்: வெளியிலிருந்து வரும் அறிவின் மதிப்பை உணர்ந்து, உள்வாங்கி, பயன்படுத்துவதற்கு அதே துறையில் முன்பே ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். சொந்தமாக ஆராய்ச்சி செய்வதன் பலன்களில் ஒன்று, அடுத்தவர் ஆராய்ச்சி புரிவது.

இதைச் சோதிக்க நான் வைத்திருக்கும் எளிய வழி "இரண்டாவது கேள்வி". சப்ளையர் ஒன்றைச் சொன்னதும் நம் ஆளால் அடுத்த கேள்வியைக் கேட்க முடிகிறதா? "கண்ணாடியைத் துடையுங்கள்" என்றால், "எந்தத் துணியால்? சென்சார் மாடல் மாறினால் என்ன செய்வது? துடைத்தும் நின்றால் எதைப் பார்ப்பது?" என்று கேட்பவர் இருக்கிறாரா? தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொள்பவர் மட்டும் இருந்தால், வரும் அறிவு அந்தக் குறிப்பேட்டோடு சரி.

ஆள் இல்லை என்றால் வாசலைத் திறப்பதைத் தள்ளிப்போடுங்கள். ஒருவரை அந்த வேலையில் சில வாரம் நேரடியாக ஈடுபடுத்துங்கள். ஒரு வேலையை முழுதாக வெளியே கொடுக்கும்போதும் அதைப் புரிந்த ஒருவரையாவது உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆளும் போன பிறகு, வெளியே செய்து கொடுப்பது நல்லதா கெட்டதா என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

## 5. உள்ளே வந்ததை அடுத்த மேசைக்கு நகர்த்துங்கள்

ஒரு நிறுவனத்துக்குள்ளேயே நல்ல வழிமுறை ஏன் பரவுவதில்லை என்று கேட்டால், "சொல்ல மனசில்லை", "கற்க ஆர்வமில்லை" என்பார்கள். கேப்ரியல் ஸூலான்ஸ்கி என்ற மேலாண்மை ஆய்வாளர் 8 நிறுவனங்களில் 122 பரிமாற்றங்களை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட முடிவு வேறு. முக்கியத் தடைகள் மூன்று: பெறுபவருக்கு உள்வாங்கும் திறன் இல்லாதது, அந்த வழிமுறை ஏன் வேலை செய்கிறது என்பது தெளிவில்லாதது, கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவே உறவு சரியில்லாதது. ஊக்கத்தொகை அறிவித்தால் இவற்றில் எதுவும் தீராது.

அதனால் செய்ய வேண்டியது: செய்முறையோடு காரணத்தையும் நகர்த்துங்கள். "துடைக்கவும்" என்று ஒட்டி வைத்தால் இரண்டு வாரம் நடக்கும். "கண்ணாடியில் ஈரம் படிந்தால் பெட்டி இருப்பதாகத் தவறாக நினைத்து மெஷின் நிற்கும்" என்று தெரிந்தவர் வெயில் நாளில் துடைக்க மாட்டார், வேறு இடத்தில் ஈரம் பார்த்தால் யோசிப்பார்.

காரணம் தெரியாமல் செய்முறை மட்டும் மிஞ்சினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்க அணு ஆயுதத் துறையில் ஓர் உதாரணம் உண்டு. ஃபாக்பேங்க் என்ற பெயர் கொண்ட ஒரு பொருளை 1980-கள் வரை தயாரித்தார்கள். பிற்பாடு ஆயுதங்களைப் புதுப்பிக்க அதைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தபோது பதிவுகள் குறைவு, தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றிருந்தார்கள். இருந்த குறிப்புகளை வைத்துச் செய்தும் பழைய தரம் வரவில்லை. பழைய மூலப்பொருளில் இருந்த ஒரு கலப்படம்தான் அந்தப் பொருளுக்கே தேவையான ஒன்று என்பது அப்புறம்தான் தெரிந்தது. நவீனச் சுத்திகரிப்பு அதை நீக்கிவிட்டிருந்தது. அந்தக் கலப்படத்தின் அவசியம் முதலில் செய்தவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

அடுத்தது, தெரிந்தவரைத் தனியாக அனுப்பாதீர்கள். ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து 1984-இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் நும்மி என்ற கூட்டுக் கார் ஆலையைத் தொடங்கின. அதே இடத்தில் 1982-இல் மூடப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையின் பழைய தொழிலாளர்களைப் பெரும்பாலும் வைத்தே, தரத்தில் பெரிய முன்னேற்றம் கண்டது. ஆனால் அங்கே கற்ற மேலாளர்கள் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளுக்குத் தனித்தனியாகச் சிதறியதும், பழைய பழக்கத்துக்கு முன்னால் ஒற்றை ஆளாக நின்றார்கள். பரவுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. குறைந்தது இரண்டு பேராக அனுப்புங்கள். ஒருவர் சொன்னால் "இவருக்கு இதே வேலை" என்பார்கள்.

மென்பொருள் வேண்டுமானால் இப்போது வாங்கலாம். எதை ஏற்றுவது, யார் தேடுவார்கள் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

## 6. எத்தனை மூலங்கள் என்பதற்கு ஒரு வரம்பு போடுங்கள்

வெளித் தொடர்பு கூடக் கூட நல்லது என்று நினைக்கத் தோன்றும். பிரிட்டனில் 2,707 உற்பத்தி நிறுவனங்களை வைத்து ஆய்வாளர்கள் லார்சனும் சால்ட்டரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வெளி மூலங்களை நிறைய நாடுபவர்களின் புதுமைத் திறன் ஓர் அளவு வரை ஏறுகிறது, அதன் பிறகு இறங்குகிறது. கவனம் என்பது அளவான சரக்கு.

எங்கே நிறுத்துவது என்பதற்குப் பொது எண் கிடையாது. நான் பின்பற்றுவது, உள்வாங்கும் ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று மூலங்கள். இது என் அனுபவக் கணக்கு, விதி இல்லை. மூன்றாவது படியின் பட்டியலை எடுத்து, கடந்த ஓராண்டில் ஒரு முடிவையும் மாற்றாத மூலங்களை அடித்துவிடுங்கள். சந்தா கட்டியிருக்கிறோமே என்று இழுக்க வேண்டாம்.

## 7. வெளியே போவதை மூன்றாகப் பிரியுங்கள்

எல்லாவற்றையும் பூட்ட நினைப்பது அடுத்த பொதுத் தவறு. பூட்டின நிறுவனத்துக்கு வெளியாரும் எதையும் சொல்வதில்லை.

முதல் வகை, காக்க வேண்டியது. இது சிறியதாக இருக்க வேண்டும். உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் (அறிவுசார் சொத்துரிமை) ஒப்பந்தத்தின் 39-ஆம் பிரிவுப்படி, ரகசியமாக வைக்க நியாயமான நடவடிக்கை எடுத்திருந்தால்தான் தொழில் ரகசியத்துக்குப் பாதுகாப்பு. எல்லா ஃபைலிலும் "ரகசியம்" என்று முத்திரை குத்திவிட்டு எல்லோருக்கும் அனுமதி கொடுத்திருந்தால் அது நடவடிக்கை ஆகாது. காப்புரிமை எடுக்கப் போகிறீர்கள் என்றால் வரிசை மாறக்கூடாது: முதலில் விண்ணப்பம், அப்புறம் கருத்தரங்கப் பேச்சு. பல நாடுகளில், முன்பே வெளியிட்டுவிட்டால் புதுமை என்ற தகுதியே போய்விடும்.

இரண்டாவது, வேண்டுமென்றே கொடுப்பது. சப்ளையருக்கு உங்கள் பழுதுப் பதிவுகளைக் கொடுத்தால், அவர் அடுத்த மாடலை உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றுவார். பேக்கிங் பிரிவில் அதைத்தான் செய்தோம். துடைக்கவே தேவையில்லாத ஒரு மூடி வந்தது. கொடுக்கும்போது எதைத் திரும்ப எதிர்பார்க்கிறோம், யார் கேட்டு வாங்குவார் என்பதையும் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அது ஒருவழிப் பாதைதான்.

மூன்றாவது, தடுக்க முடியாதது. இதில் பெரும் பங்கு வேலையை விட்டுப் போகிறவர்களுடையது.

## 8. விலகுபவரிடம் ஆவணம் கேட்காதீர்கள், உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்

நானே பட்ட பாடு இது. ஓர் இடத்தில் மாதாந்திரக் கணக்கறிக்கை தயாரித்தவர் விலகினார். 40 பக்கத்துக்கு ஒப்படைப்பு ஆவணம் எழுதிக் கொடுத்தார், படங்களோடு. பிரமாதம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். முதல் மாதமே எண்கள் பொருந்தவில்லை. மூன்று பேர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு அவருக்கே போன் செய்தேன். "நான் டவுன்லோடு செய்து முடிக்கும்வரை பதிவு போடாதீர்கள் என்று கிடங்குக்கு ஒரு போன் அடிப்பேனே" என்றார். அதை ஏன் எழுதவில்லை? அது வேலை என்றே அவருக்குத் தோன்றவில்லை.

கைப்பழக்கமாகிவிட்டதை ஒருவரால் நினைவிலிருந்து எழுத முடியாது. அதனால் நோட்டீஸ் காலத்தின் முதல் பாதியிலேயே வேலையை அடுத்தவர் கைக்கு மாற்றுங்கள். விலகுபவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். "ஐயோ, அதற்கு முன்னால் இதைச் செய்யணுமே" என்று அவர் சொல்லும் ஒவ்வொரு இடமும் ஆவணத்தில் இல்லாத ஒன்று. நடுவில் இரண்டு நாள் அவருக்கு விடுமுறை கொடுத்து, யார் யார் அவரைத் தேடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் நடப்பது பிரிவுபசாரம் மட்டும்தான். போன பிறகும் போன் எடுக்கிற அளவுக்கு நல்லபடியாக அனுப்புங்கள். நாளை அவர் இன்னொரு நிறுவனத்தில் இருந்துகொண்டு உங்களுக்கு ஒரு வாசலாகவும் இருப்பார்.

## 9. அதே எண்ணைத் திரும்ப அளவிடுங்கள்

முதல் படியில் எழுதிவைத்த எண்ணையே எடுங்கள். ஏற்றிய ஆவணங்கள், நடத்திய பயிற்சிகள், லாகின் எண்ணிக்கை இவற்றை எண்ண ஆரம்பித்தால், மக்கள் அவற்றைத்தான் உற்பத்தி செய்வார்கள்.

மாற்றத்தை எல்லா இடத்திலும் ஒரே நாளில் கொண்டுவராதீர்கள். ஒரு ஷிஃப்ட்டில் அல்லது ஒரு குழுவில் தொடங்கி, அடுத்ததைச் சில வாரம் தள்ளி வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எண் குறைந்ததற்குப் பருவநிலை காரணமா, ஆர்டர் குறைந்தது காரணமா, நீங்கள் செய்த மாற்றம் காரணமா என்று ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும்.

எண் அசையவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள். தெரிந்திருக்க வேண்டியவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்ததா? அவரிடமே போய் "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். சேர்ந்திருந்தால், அதைப் பயன்படுத்த அவருக்கு அதிகாரம் இருக்கிறதா? துடைக்கத் தெரிந்தும், மெஷினை நிறுத்த மேற்பார்வையாளர் கையெழுத்து வேண்டும் என்று இருந்தால் அவர் துடைக்க மாட்டார். அதுவும் சரியாக இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த எண்ணில் தடையாக இருப்பது அறிவே இல்லை. உதிரிபாகமோ ஆள் பற்றாக்குறையோ இருக்கலாம். அதை அப்படியே எழுதி உரியவரிடம் கொடுத்துவிட்டு, வேறோர் எண்ணோடு முதல் படிக்குத் திரும்புங்கள்.